செலவும் வரவும்

கோடை விடுமுறை கழிந்து பள்ளி திறந்த முதற் கிழமையில் பல வகுப்புகளிலும் ஒரு கட்டுரை எழுதுமாறு பணிக்கப்படுவதுண்டு. ‘விடுமுறையை யான் கழித்த வகை’ என்பது அதன் தலைப்பு. மாணவர் தலை குனிந்து எழுதத் தொடங்குவர். ஒருவன் உதகையின் குளிரை எழுதுவான். ஒருத்தி கொடைக்கானல் ஏரியில் படகேறியதை எழுதுவாள். வேறொருத்தியோ எழுதுகோலைக் கையிற் பிடித்தவாறு நெடுநேரம் வாளா இருப்பாள். அவள் விடுமுறையில் எங்கும் சென்றிலள். சென்றது அண்டை ஊரில் உள்ள பாட்டி வீட்டிற்கு மட்டுமே. அதனை எழுதினால் தோழியர் நகைப்பர் என்று அஞ்சுகிறாள். முடிவில் அவளும் உதகைக்கே போய் வருவாள். வண்டியில் அன்று, பொய்யில். காணாத மலையைக் கண்டதாகவும், உணராத குளிரை உணர்ந்ததாகவும் எழுதி முடிப்பாள். கட்டுரைக்கு நல்ல மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். ஆயினும், அன்று அவள் உள்ளத்தில் புகுந்த சிறுமையை எந்த மதிப்பெண்ணும் போக்காது.

இப்பொய்யை அவளுக்குக் கற்பித்தவர் யார்? அவள் தானே கற்றுக்கொண்டதன்று. பயணம் என்றால் நெடுந்தொலைவு செல்ல வேண்டும், விடுமுறை என்றால் பெரும்பணம் கரைய வேண்டும், அண்டை ஊரைக் காண்பது பயணம் ஆகாது என்னும் எண்ணம் பெரியோரிடமிருந்து பிள்ளைகளுக்கு இறங்கி வந்தது. அவ்வெண்ணம் தவறானது. விடுமுறையை நினைவில் நிறுத்துவது பணத்தின் மிகுதி அன்று. முன்னேற்பாடும், கண்ட பொருளை உற்று நோக்கும் கருத்துமே ஆகும். இவ்விரண்டும் உடையார்க்குக் கையில் உள்ள சிறுதொகையும் போதியது. இல்லாதார்க்கு எத்தொகையும் போதாது.

தமிழில் ‘செலவு’ என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. பண்டைத் தமிழில் அது செல்லுதலை, அஃதாவது பயணத்தைக் குறித்தது. தலைவன் பொருள் தேடப் பிரிந்து செல்வதைச் ‘செலவு’ என்றும், புறப்பட எண்ணிப் பின் தயங்கி நிற்பதைச் ‘செலவழுங்குதல்’ என்றும் இலக்கணம் உடையார் வழங்கினர். இன்றோ அச்சொல் கையிலிருந்து காசு செல்வதையே பெரிதும் குறித்து நிற்கிறது. அவ்வாறே ‘வரவு’ என்பதும் வருதலைக் குறித்த சொல்லாயிருந்து, பின்னர் வருவாயையும் குறிக்கலாயிற்று. கால் செல்லும் செலவும் காசு செல்லும் செலவும் ஒன்றையொன்று அளந்து நடத்தல் வேண்டும். காசு மட்டும் நெடுந்தொலைவு சென்று, கண்ணும் கருத்தும் வீட்டிலேயே தங்கிவிடுமாயின், அது பயணம் அன்று; இழப்பே ஆகும்.

இரண்டு குடும்பங்களை எண்ணிப் பார்த்தல் நலம். முதற் குடும்பத்தார் அயலார் சென்றனர் என்பதற்காகத் தாமும் மலைநகர் ஒன்றிற்குச் செல்லத் துணிகின்றனர். கையில் பணம் இல்லை; கடன் வாங்குகின்றனர். எங்குத் தங்குவது, எதனைக் காண்பது என்று முன்னரே ஆராய்ந்திலர். மே மாதத்துக் கூட்டத்தில் வண்டிகள் மலைப்பாதையில் எறும்பு வரிசைபோல் நிற்கின்றன. கூட்டம் அளவு கடந்தமையால், 2024-ஆம் ஆண்டில் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வண்டிகள் இ-பாஸ் பெற்றே செல்ல வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட நேர்ந்தது. இக்குடும்பத்தார் கண்டது பாதி வழி; உண்டது பாதி உணவு; திரும்பி வந்தபின் கடன் மட்டும் முழுதாய் நிற்கிறது. அடுத்த ஆண்டு வரை மாதந்தோறும் அக்கடனே அவர்களுக்குப் பயணத்தை நினைவூட்டுகிறது. இரண்டாம் குடும்பத்தார் தம் கையில் உள்ள தொகையை எண்ணி, அதற்குள் அடங்கும் இடத்தைத் தேர்ந்து, இரண்டே நாள் சென்று வருகின்றனர். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் ஓராண்டு வரை அவ்விரு நாள்களைப் பற்றியே பேசுகின்றனர். இவ்விரு குடும்பங்களுள் செல்வமுடையது எது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

நெடுந்தொலைவு செல்வது குற்றம் என்று இதனால் கொள்ளுதல் கூடாது. வாய்ப்புடையோர் இமயத்தையும் காணலாம். கடல் கடந்தும் செல்லலாம். ஆனால், பயணம் என்பது வாய்ப்புடையோர்க்கே உரியது என்னும் எண்ணத்தைத்தான் களைதல் வேண்டும். உலக வரலாறும் இதற்குச் சான்றாய் நிற்கிறது. இக்காலச் சுற்றுலாத் தொழிலுக்கு வித்திட்டவருள் ஒருவர் எனப்படும் தாமஸ் குக் என்னும் ஆங்கிலேயர், 1841-ஆம் ஆண்டு சூலை 5-ஆம் நாள் ஏறத்தாழ ஐந்நூறு பேரை இரயிலில் அழைத்துச் சென்றார். அவர்கள் சென்ற தொலைவு லெஸ்டர் நகரிலிருந்து லஃப்பரோ வரை. பதினொரு மைல் அளவே. கொடுத்த கட்டணம் ஆளுக்கு ஒரு ஷில்லிங். செருமனி நாட்டில் ரிச்சர்டு ஷிர்மான் என்னும் பள்ளி ஆசிரியர் 1909-ஆம் ஆண்டு தம் மாணவரை நடைப்பயணமாக அழைத்துச் சென்றபோது பெருமழையில் சிக்கினார். சிற்றூர்ப் பள்ளி ஒன்றில் அனைவரும் ஒதுங்கி இரவைக் கழித்தனர். விடுமுறையில் வெறுமையாய்க் கிடக்கும் பள்ளிக் கட்டடங்களில் ஏழைப் பிள்ளைகள் தங்கிப் பயணம் செய்தால் என்ன என்று அவ்விரவில் அவர் எண்ணினார். அவ்வெண்ணமே உலகெங்கும் பரவிய இளைஞர் விடுதி இயக்கமாக வளர்ந்தது. இவ்விருவரும் பெருந்தொகையைத் தேடியவர் அல்லர். சிறுதொகையில் பலரும் செல்லும் வழியைத் தேடியவர்.

அத்தகைய வழி தமிழ்நாட்டில் பல இடங்களில் உண்டு. சான்றாக, விருதுநகர் மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த திருவில்லிபுத்தூரையும் இராசபாளையத்தையும் எடுத்துக்கொள்ளலாம். இவ்விரண்டு ஊர்களுக்கும் இடையே உள்ள தொலைவு ஏறத்தாழப் பன்னிரண்டு கிலோமீட்டர். மதுரையிலிருந்து விருதுநகர் வழியாகச் செங்கோட்டைக்குச் செல்லும் இரயில் இருப்புப்பாதையில் இரண்டு ஊர்களும் உள்ளன. இரண்டிற்கும் இடையே பேருந்துகள் அடுத்தடுத்துச் செல்கின்றன. கோயில், காடு, அருவி, ஆலை, தறி, நூலகம் என அறுவகைப் பொருள்களை இரண்டு நாளில் இவ்வூர்களில் காணலாம். எனினும், புறப்பட்டுவிட்டால் எல்லாம் தாமே அமைந்துவிடும் என்று எண்ணுவது பேதைமை. பயணத்தைச் செவ்வனே வகுப்பதற்குக் காலம், தொகை, முன்னறிவு, நடத்தை என்னும் நான்கும் இன்றியமையாதவை.

முதலாவது, காலம். ஒவ்வோர் ஊருக்கும் அதற்குரிய பருவம் உண்டு. இராசபாளையத்திற்கு மேற்கே மலையில் அய்யனார் அருவி உள்ளது. மழை பெய்த பின்னரே அதில் நீர் பெருகும். அருவியில் நீராட எண்ணி முதுவேனிலில் செல்வோர், பாறையைக் கண்டு திரும்ப நேரும். மழைக்காலத்திலும் வெள்ளம் மிகுந்தால் வனத்துறையினர் இசைவு தாரார். ஆனால், கோடையில் செல்வோர்க்கு வேறொரு பேறு உண்டு. இராசபாளையத்துச் சப்பட்டை மாம்பழம் அப்பருவத்தில்தான் கிடைக்கும். அருவியை விரும்புவோர் அரையாண்டு விடுமுறையிலும், மாங்கனியை விரும்புவோர் கோடை விடுமுறையிலும் செல்வது பொருந்தும். திருவில்லிபுத்தூர்த் தேரோட்டத்தைக் காண விரும்புவோர் ஆடிப்பூரத்திற்குச் செல்லல் வேண்டும். அந்நாளில் தங்குமிடம் அரிதாகும் என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். அருவிக்குப் போக இசைவு கிடையாவிடில் அன்று வேறு எதைக் காண்பது என்பதையும் முன்னரே குறித்து வைப்பவரே நன்கு திட்டமிட்டவர் ஆவர்.

இரண்டாவது, தொகை. மதுரையில் வாழும் நால்வர் அடங்கிய ஒரு குடும்பம் இரண்டு நாள் பயணத்திற்கு நாலாயிரம் ரூபாய் ஒதுக்கியது எனக் கொள்க. போக்குவரத்துக்கு எண்ணூறு, ஓரிரவு தங்குவதற்கு ஆயிரத்து இருநூறு, உணவுக்கு ஆயிரத்து இருநூறு, வாங்கும் பொருளுக்கு நானூறு எனப் பகுத்தால், எஞ்சுவது நானூறு. அப்பத்தில் ஒரு பங்கை எதற்கும் ஒதுக்காமல் தனியே முடிந்து வைத்தல் வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டாலும், வண்டி தவறினாலும் அப்பங்கே துணை நிற்கும். விரைவு வண்டியினும் சாதாரண இரயிலில் கட்டணம் குறைவு. ஐந்து முதல் பன்னிரண்டு வயதிற்கு உட்பட்ட சிறுவர்க்கு முன்பதிவில்லாப் பெட்டியில் பாதிக் கட்டணமே. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிச் செல்ல 2021-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு வகை செய்தது. முதல் நாள் காலை உணவைப் புளிச்சோறாகவோ இட்டிலியாகவோ வீட்டிலிருந்தே கட்டிச் சென்றால் ஒரு வேளைச் செலவு குறையும். இரயிலில் அமர்ந்து அதனைப் பிரித்து உண்ணும் இன்பமோ மிகும்.

இத்தொகைக் கணக்கைப் பெற்றோர் பிள்ளைகளுக்கு மறைத்தல் கூடாது. ‘சிறுவர்க்குப் பணக்கவலை எதற்கு?’ என்று சிலர் வினவுவர். கவலை வேறு, கணக்கு வேறு. கவலையைப் பெரியவர் சுமக்கலாம். கணக்கைப் பிள்ளைகள் அறிதல் வேண்டும். வீட்டின் வருவாயில் இத்துணைதான் பயணத்திற்கு உண்டு என்று வெளிப்படையாகக் கூறி, கணக்கேட்டை மூத்த பிள்ளையிடமே ஒப்படைத்துப் பார்க்கலாம். கண்ட பொருளையெல்லாம் கேட்டு அழும் பிள்ளை, கணக்குத் தன் கையில் இருக்கும்போது ‘இது வேண்டுமா?’ என்று தானே தன்னை வினவிக்கொள்ளும். எவ்வளவு பணம் என்று அறியாத பிள்ளைக்குத்தான் ஏழ்மை நாணத்தைத் தருகிறது. அத்தொகையைத் தானே பகுத்து, தானே செலவிட்டு, ஒரு ரூபாயை மீத்துக் கொண்டு வந்த பிள்ளை நாணுவதில்லை, பெருமிதம் கொள்கிறது.

மூன்றாவது, முன்னறிவு. ஒன்றும் அறியாது செல்பவர்க்குக் கோபுரம் உயர்ந்த கட்டடம் மட்டுமே. அறிந்து செல்பவர்க்கு அது பேசும். புறப்படுவதற்கு ஒரு கிழமை முன்னரே பள்ளி நூலகத்திலும் பொது நூலகத்திலும் அவ்வூரைப் பற்றிப் படித்தல் வேண்டும். ஒருவர்க்கு ஒரு பொருள் எனப் பகுத்துக்கொண்டு, அங்குச் சென்றதும் அவரவர் தாம் படித்ததை மற்றவர்க்கு எடுத்துக் கூறினால், கூலிக்கு வழிகாட்டி தேவையில்லை. இச்செலவற்ற முன்னேற்பாடு பயணத்தின் பயனை இருமடங்கு ஆக்கும்.

திருவில்லிபுத்தூரில் முதலில் கண்ணில் படுவது வடபத்திரசாயி கோயிலின் கோபுரம். பதினொரு நிலைகளுடன் 192 அடி உயரம் உடையது என்பர். தமிழ்நாட்டரசின் முத்திரையில் விளங்கும் கோபுரம் இதுவே என்று ஊரார் பெருமையுடன் உரைப்பர். அஃது மதுரைக் கோபுரம் என்பாரும் உளர். மாணவர் முத்திரையின் படத்தைக் கையில் ஏந்திக் கோபுரத்தின் எதிரே நின்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். அவர்கள் எம்முடிபுக்கு வந்தாலும் நன்றே. கண்ணால் கண்டு ஆராயும் பழக்கம் வந்ததே பேறு. பெரியாழ்வார் வளர்த்த மகளாகிய ஆண்டாள் பிறந்த ஊர் இது. முப்பது பாசுரம் கொண்ட திருப்பாவையும், நூற்று நாற்பத்து மூன்று பாசுரம் கொண்ட நாச்சியார் திருமொழியும் ஒரு பெண்ணின் வாயிலிருந்து இவ்வூரில் பிறந்த தமிழ்ச் செல்வங்கள். ஆண்டாள் சூடிக் களைந்த மாலை புரட்டாசித் திருவிழாவின்போது திருமலைக்கு ஆண்டுதோறும் கொண்டு செல்லப்படுகிறது. ஆண்டாளின் திருக்கரத்தில் விளங்கும் கிளியும் காணத்தக்கது. அது மரத்தாலோ பொன்னாலோ ஆனதன்று. பச்சிலைகளாலும் மலர்களாலும் நாள்தோறும் புதிதாகப் புனையப்படுவது. மாதுளம்பூ அதன் அலகாகிறது. இன்று வாடுவதை அறிந்தும், நாளை மீண்டும் அதே கருத்துடன் செய்யும் கைகளைப் பற்றி எண்ணிப் பார்ப்பதற்குக் கட்டணம் ஏதும் இல்லை. நண்பகலில் கோயில் நடை அடைக்கப்படும் ஆதலின், காலையிலேயே சென்று சேர்தல் வேண்டும். மாலையில் திருமுக்குளத்தைக் கண்டு, மடவார்வளாகம் வைத்தியநாத சுவாமி கோயிலுக்கும் செல்லலாம். வேற்றுச் சமயத்தவரும் கல்லில் எழுந்த கலையையும் சொல்லில் எழுந்த கலையையும் இவ்வூரில் கண்டு மகிழ்தல் கூடும்.

இவ்வூர்ப் பால்கோவாவை அறியாதவர் இலர். பாலையும் சருக்கரையையும் அடுப்பிலேற்றிக் கைவிடாது கிளறிச் சுண்டச் செய்வது அது. 2019-ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இவ்வூரில் செய்யப்படுவதற்கே இப்பெயர் உரியது என்பது அதன் பொருள். வாங்கும் பொருளுக்கென ஒதுக்கிய நானூறு ரூபாயில் ஒரு பகுதியை இதற்குக் கொடுக்கலாம். வெப்பத்தின் முன் நின்று கிளறுவோரின் உழைப்பைக் கண்டபின் வாங்கினால், அதன் சுவை நாவோடு நில்லாது.

ஊருக்கு மேற்கே மலையடியில் செண்பகத்தோப்பு உள்ளது. வனத்துறையின் இசைவு பெற்றே அப்பகுதிக்குள் செல்லல் வேண்டும். அம்மலைக்காடுகளில் நரை அணில் என்னும் அரிய விலங்கு வாழ்கிறது. இந்தியாவின் தென்பகுதியிலும் இலங்கையிலும் மட்டுமே காணப்படுவது அது. சாம்பல் நிற வாலுடைய அப்பேரணில் மரத்தின் உச்சியில் கூடு கட்டி, கிளைக்குக் கிளை தாவி வாழும். மரக்கிளைகள் ஒன்றோடொன்று இணைந்து நிற்கும்வரைதான் அதற்கு வழி உண்டு. இடையே மரத்தை வெட்டினால் அதன் பாதையையே வெட்டியதாகும். இதனைக் காப்பதற்காக 1988-ஆம் ஆண்டில் இங்குச் சரணாலயம் ஏற்படுத்தப்பட்டது. 2021-ஆம் ஆண்டில் மேகமலைக் காடுகளையும் சேர்த்துத் திருவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகம் அமைந்தது. அங்குச் செல்வோர்க்கு அணில் தோன்றியே தீரும் என்று உறுதி கூற இயலாது. அரைமணி நேரம் பேசாமல் மரத்தடியில் நின்று மேல்நோக்கிக் காத்திருக்கும் பொறுமையை அக்காடு கற்பிக்கும். அதனைப் பணம் கொடுத்து எந்த நகரிலும் வாங்க இயலாது.

மறுநாள் இராசபாளையம். ராஜுக்கள் என்போர் குடியேறி வாழ்ந்தமையால் இவ்வூர் இப்பெயர் பெற்றது என்பர். 1949 முதல் 1952 வரை சென்னை மாநிலத்தின் முதலமைச்சராக விளங்கிய பி. எஸ். குமாரசுவாமி ராஜா இவ்வூரினர். அவர் தம் வீட்டையே பொதுமக்களுக்கு அளித்தார். அது காந்தி கலை மன்றம் ஆயிற்று. உயர்ந்த பதவியில் இருந்தவர் ஒருவர் தமக்கென ஒரு மாளிகையைச் சேர்க்காமல், இருந்த வீட்டையும் கொடுத்தார் என்னும் செய்தியைப் புத்தகத்தில் படிப்பது ஒன்று. அவ்வாயிலில் நின்று எண்ணுவது மற்றொன்று. இவ்வூரின் பெயரைத் தாங்கிய வெண்ணிற வேட்டை நாயும் புகழ் பெற்றது. 2005-ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நாய் வகை அஞ்சல் தலைகளுள் இராசபாளையம் நாய்க்கும் ஓர் இடம் கிடைத்தது.

இவ்வூர் பருத்தி நூலால் வளர்ந்தது. பி. ஏ. சி. ராமசாமி ராஜா 1930-களில் தொடங்கிய நூல் ஆலை அவ்வளர்ச்சிக்கு வழி வகுத்தது. அண்மையில் உள்ள சத்திரப்பட்டியிலோ தெருவில் நடந்தாலே தறியின் ஒலி கேட்கும். மருத்துவமனைகளில் புண்ணுக்குக் கட்டும் பாண்டேஜ் துணி அங்கு நெய்யப்பட்டு வெளிநாடுகளுக்கும் செல்கிறது. உரியவரின் இசைவு பெற்றுத் தறியின் அருகே சிறிது நேரம் நின்று காணும் மாணவன், தன் முழங்காலில் என்றோ கட்டிய துணியை நினைவு கூர்வான். அத்துணியின் பின்னே ஒரு காடும், ஓர் ஆலையும், ஒரு தறியும், பல நெசவாளர் கைகளும் இருப்பதை உணர்வான். செல்வர் வீட்டுப் பிள்ளையாயினும் வறியவர் வீட்டுப் பிள்ளையாயினும் இவ்வுணர்வு ஒன்றே.

பருவம் வாய்த்தால் அன்று பிற்பகல் அய்யனார் அருவிக்குச் செல்லலாம். வழியில் உள்ள கோயிலில் வீற்றிருக்கும் தெய்வத்தின் பெயர் நீர் காத்த அய்யனார். இம்மலையிலிருந்து வரும் நீரே ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தில் தேங்கி இராசபாளையத்தின் குடிநீராகிறது. நீரைக் காப்பதையே தெய்வத்தின் தொழிலாகக் கண்ட முன்னோரின் கருத்தை எண்ணுதல் வேண்டும். ஊரார் பருகும் நீர் எனத் தெரிந்தபின், அதில் சோப்பு நுரையையும் நெகிழிப் பையையும் விடுவதற்கு யார் மனம் துணியும்?

இதனால் நான்காவதாகிய நடத்தை பெறப்படுகிறது. குறைந்த செலவில் பயணம் செய்வது என்பது பிறர் தலையில் செலவை ஏற்றுவதன்று. காட்டில் குப்பையை எறிந்து வருபவன் தன் செலவைக் காட்டின்மேல் ஏற்றுகிறான். பனங்கிழங்கோ கொய்யாவோ கூடையில் வைத்து விற்கும் மூதாட்டியிடம் ஐந்து ரூபாய்க்காக வாதிடுபவன் தன் செலவை அவள்மேல் ஏற்றுகிறான். குரங்குக்குத் தின்பண்டம் எறிபவன் அதன் இயல்பைக் கெடுத்து, அடுத்து வருவோர்க்கு இடர் விளைக்கிறான். இவை சிக்கனம் ஆகா. சிக்கனம் வேறு, ஈயாமை வேறு. தனக்கு வேண்டாததை விலக்குவது சிக்கனம். பிறர்க்கு உரியதைப் பறிப்பது ஈயாமையினும் இழிந்தது. தங்கும் அறை சிறியதாயிருக்கட்டும். உண்ணும் உணவு எளியதாயிருக்கட்டும். உழைப்புக்குக் கொடுக்கும் விலையில் மட்டும் குறை வைத்தல் கூடாது.

‘நாலாயிரம் ரூபாயும் இல்லாதவர் என் செய்வர்?’ என்று ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வியே அது. நாள்கூலி பெறுவோர்க்கு இரண்டு நாள் வேலையை விடுவதே பெரும் இழப்பு. அத்தகையோர் ஒரு நாளில் ஓர் ஊரைக் கண்டு இரவே வீடு திரும்பலாம். அதற்கும் வாய்ப்பில்லையேல், சொந்த ஊரையே அயலூர்போல் ஒரு நாள் சுற்றிப் பார்க்கலாம். ஊர்க் கண்மாய் எக்காலத்தில் வெட்டப்பட்டது? அதற்கு நீர் எவ்வழியே வருகிறது? தெருவின் பெயர் எதனால் வந்தது? ஊரில் முதியவர் யார்? அவர் இளமையில் கண்டது யாது? இவற்றை வினவி எழுதிய பிள்ளையும் பயணம் செய்த பிள்ளையே. பள்ளிகளும் இதில் துணை நிற்றல் வேண்டும். செல்வர் வீட்டுப் பிள்ளைகள் மட்டும் செல்லக்கூடிய கட்டணத்தில் சுற்றுலா ஏற்பாடு செய்து, எஞ்சியோரை வகுப்பிலேயே அமர்த்தி வைப்பதைவிட, எல்லோரும் செல்லக்கூடிய அண்மை இடம் ஒன்றைத் தேர்வதே முறையாகும். ஒருவனை விட்டுச் செல்லும் சுற்றுலா, சென்றவர்க்கும் முழு இன்பம் தாராது.

கட்டுரை எழுதும் வகுப்பில் வாளா அமர்ந்திருக்கும் அச்சிறுமியை மீண்டும் நினைத்துப் பார்த்தல் நலம். அவள் பாட்டி வீட்டிற்குச் சென்றாளே, அவ்வூரில் என்னென்ன கண்டாள்? பாட்டி விடியலில் எழுந்து என்ன செய்தார்? வழியில் அவள் கண்ட மலையின் பெயர் யாது? பேருந்துக்குக் கொடுத்த கட்டணம் எவ்வளவு? இவற்றை அவள் உள்ளபடி எழுதட்டும். உதகையைப் பற்றி வகுப்பில் பத்துப் பேர் எழுதியிருப்பர். அவள் பாட்டியின் ஊரைப் பற்றி எழுத உலகில் அவள் ஒருத்தியே உளள். அக்கட்டுரையை ஆசிரியர் வகுப்பில் உரக்கப் படிப்பாராயின், அடுத்த ஆண்டு பொய் எழுத எந்தப் பிள்ளைக்கும் மனம் வாராது.

பயணம் முடிந்து வீடு திரும்பிய அன்றிரவு கணக்கேட்டை எடுத்து வைத்துக் கூட்டிப் பார்த்தல் வேண்டும். ஏட்டின் ஒரு பக்கத்தில் செலவு இருக்கும். மறுபக்கத்தில் வரவை எழுதுதல் வேண்டும்: பச்சிலைக் கிளி, நரை அணிலுக்காகக் காத்திருந்த அரைமணி, தறியின் ஓசை, நீரைக் காக்கும் தெய்வத்தின் பெயர், கொடுக்கப்பட்ட ஒரு வீடு. செலவுப் பக்கம் சில ஆயிரத்தோடு முடிந்துவிடும். வரவுப் பக்கத்தைக் கூட்டி முடிக்க ஓர் ஆயுள் வேண்டும்.